மாடி வெயிலுக்கு ஒரே கணக்கு வேண்டும்!

சென்னையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மண்டையைப் பிளக்கும் அந்த வெயிலை இன்று மொட்டை மாடியில் பிடித்துக் கரண்டாக்குகிறார்கள். வீட்டுத் தேவைக்குப் போக மிச்சம், கம்பி வழியாக மின்வாரியத்துக்கே போகிறது. நல்ல காரியம். ஆனால் அப்படிப் போன கரண்டுக்குக் கணக்கு என்ன? அங்கேதான் சிக்கல்!

3 கிலோவாட் சூரியத் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் தரும். ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எல்லோரும் கிளம்பிவிட்டால், பகலில் வீட்டில் ஓடுவது பிரிட்ஜ் ஒன்றுதான். மற்றதெல்லாம் வெளியே போய்விடும். ராத்திரி ஏ.சி. போட்டால் வாரியத்திடம் வாங்கத்தான் வேண்டும்.

2013-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வழி சொன்னது. கொடுத்த யூனிட்டை, வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். 2019-ல் புதிதாகத் தகடு போடுபவர்களுக்கு அது போயிற்று. கொடுத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு. வாங்கினால், 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு அப்போதைய விலை 6 ரூபாய் 60 காசு! "பகல்ல நாம கொடுத்த கரண்டை ராத்திரி மூணு மடங்கு விலைக்கு நாமே வாங்கணுமா?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? 2021-ல் வீடுகளுக்கு மட்டும் பழைய கழிவு முறை திரும்பி வந்தது.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தகடு தருவது பகலில். ஊர் கரண்ட் கேட்பது பொழுது சாய்ந்த பிறகும். கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் செலவெல்லாம் வாரியத்தின் தலையில். அதற்கு ஒரு கட்டணம் என்றால் கேட்கட்டும். ஆனால் தகடு போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தகட்டின் ஆயுள் 25 வருஷம். நகையை அடகு வைத்துப் போட்டவரும் உண்டு. 8 வருஷத்துக்குள் இரண்டு தரம் விதி மாறினால் யார் துணிந்து பணம் போடுவார்கள்? போட்ட நாளில் என்ன விதியோ, அந்தத் தகட்டுக்குக் கடைசிவரை அதுவே இருக்கட்டும்.

2024-ல் வந்த பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. 10 கிலோவாட் வரை ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று அதே ஆண்டில் மத்திய விதியும் திருத்தப்பட்டது. இத்தனை இருந்தும் மீட்டருக்காக அலைய விட்டால் என்ன பயன்? இருவழி மீட்டர் வராத ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு நஷ்டம்தான்.

கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? பில்லைப் பார்த்ததும் யாருக்கும் புரிய வேண்டும். பால்காரர் கணக்கே நோட்டில் பளிச்சென்று இருக்கிறது. வாரியத்தின் கணக்கு அதைவிட மோசமாக இருக்கலாமா?