என்ஜினீயர் சங்கத்துக்குச் சந்தா எவ்வளவு?

மகன் என்ஜினீயர் ஆகிவிட்டான். வீட்டில் ஒரே சந்தோஷம். முதல் மாதச் சம்பளத்தை அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

மறு வாரம் ஒரு கடிதம் வந்தது. "எங்கள் என்ஜினீயர் சங்கத்தில் சேருங்கள். ஆண்டுச் சந்தா இவ்வளவு" என்று அதில் எழுதி இருந்தது.

"வேலைதான் கிடைத்துவிட்டதே தம்பி. இன்னும் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று அம்மா கேட்டாள்.

மகனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குச் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் போதாது. சந்தாவை நியாயமாக நிர்ணயித்துக் காட்ட வேண்டும்.

காப்பிக் கடையில் பிறந்தது

1818-ம் ஆண்டு ஜனவரி 2-ந்தேதி. லண்டன் மாநகரில் ஒரு காப்பிக் கடை. அங்கே வாலிப என்ஜினீயர்கள் சிலர் கூடினார்கள். தொழிலில் ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரும் அறிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அன்று பிறந்ததுதான் சிவில் என்ஜினீயர்கள் சங்கம்.

1820-ம் ஆண்டு அந்தச் சங்கத்துக்கு முதல் தலைவராக வந்தவர் தாமஸ் டெல்போர்டு. அவர் யார் தெரியுமா? ஓர் ஆட்டிடையனின் மகன்! கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனாரை இழந்தவர். கல்தச்சு வேலை பழகி, படிப்படியாக உயர்ந்தவர். 1826-ம் ஆண்டு மெனாய் ஜலசந்தியின் மேல் பெரிய தொங்கு பாலம் கட்டிப் புகழ் பெற்றவர்.

கல்தச்சனாகத் தொடங்கியவரைத் தலைவராகக் கொண்டு வளர்ந்தது அந்தச் சங்கம். அப்படிப்பட்ட தொழிலில், பணம் இல்லாதவன் சங்கத்தின் வாசலில் நிற்கலாமா? கூடாது!

சென்னையில் பதிவு

நம் நாட்டின் என்ஜினீயர்கள் சங்கம் 1920-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந்தேதி சென்னையில் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி மாதம் கல்கத்தாவில் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு அதைத் தொடங்கி வைத்தார். 1935-ல் மன்னரின் சாசனமும் கிடைத்தது. அதன் தலைமை நிலையம் கல்கத்தாவில் இருக்கிறது.

இந்தச் சங்கம் ஒரு பரீட்சை நடத்தி வந்தது. கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவர்கள், வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து அதை எழுதினார்கள். ஓவர்சியர்களும், படம் வரைபவர்களும் அதில் தேறி என்ஜினீயர் ஆனார்கள். 2013-ம் ஆண்டு மே மாதம் வரை பெயர் பதிவு செய்தவர்களுக்கே அந்தத் தேர்ச்சி பட்டத்துக்குச் சமம் என்று பிறகு முடிவாயிற்று.

பரீட்சைக்காகச் சங்கத்தைத் தேடி வந்த காலம் இப்படிப் போய்விட்டது. இனி இளைஞர்கள் வர வேண்டுமானால், சங்கம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

கட்டாயம் இல்லை

வக்கீல் தொழில் செய்ய வேண்டுமானால், பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1961-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. டாக்டர்களுக்கும் இப்படித்தான்.

என்ஜினீயர்களின் நிலை வேறு. சங்கத்தில் சேராமலே பாலம் கட்டலாம். சேராமலே எந்திரம் ஓட்டலாம். சந்தா அதிகம் என்று தோன்றினால், பேசாமல் இருந்துவிடலாம்.

அவன் சண்டை போட மாட்டான். கடிதம் எழுத மாட்டான். அடுத்த ஆண்டு பணம் கட்ட மாட்டான். அவ்வளவுதான்!

இதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு மாவட்டத்தில் 400 பேர் கொண்ட சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை, குமாஸ்தா சம்பளம், பத்திரிகை, தபால், கூட்டச் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் ஆகிறது. தலைக்கு 1,000 ரூபாய் சந்தா என்றால் சரியாகப் போகும்.

"நிறையப் பணம் சேரட்டும்" என்று நிர்வாகிகள் ஒரே நாளில் சந்தாவை 2,000 ரூபாய் ஆக்குகிறார்கள். 200 பேர் விலகிவிடுகிறார்கள். மீதி 200 பேர் கட்டிய பணம் எவ்வளவு? அதே 4 லட்சம்தான்!

ஒரு காசு கூடவில்லை. ஆனால் பாதி ஆட்கள் போய்விட்டார்கள். போனவர்கள் யார்? வசதி உள்ள பெரியவர்கள் அல்ல. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களும், வேலை தேடி அலைகிறவர்களும்தான். நாளைக்குச் சங்கத்தை நடத்த வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா?

இதே சந்தாவை வேறு விதமாகவும் நிர்ணயிக்கலாம். அந்த 400 பேரில் வேலைக்கு வந்து 5 ஆண்டு ஆகாதவர்கள் 100 பேர். அவர்களுக்கு 500 ரூபாய். நடுத்தர அனுபவம் உள்ள 200 பேருக்கு 1,000 ரூபாய். பெரிய பதவியில் இருக்கும் 100 பேருக்கு 1,500 ரூபாய்.

கூட்டிப் பாருங்கள். 50 ஆயிரம், 2 லட்சம், ஒன்றரை லட்சம். மொத்தம் 4 லட்சம். ஒருவரும் விலக வேண்டியது இல்லை!

இது நடக்காத காரியம் அல்ல. 1963-ம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்பட்ட மின்சார, மின்னணு என்ஜினீயர்கள் சங்கத்தில் இப்போது 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். அங்கே மாணவர்களுக்குக் குறைந்த சந்தா. வேலை இல்லாதவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சலுகை உண்டு.

குறைந்தாலும் தப்பு

அப்படியானால் சந்தாவை ஏற்றவே கூடாதா? ஏற்றத்தான் வேண்டும்.

விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகிவிடும். சந்தா மட்டும் அப்படியே நின்றால் என்ன ஆகும்? முதலில் பத்திரிகை நிற்கும். பிறகு சொற்பொழிவு நிற்கும். கடைசியில் பெயர்ப்பலகை மட்டும் தொங்கும்.

10 ஆண்டு சும்மா இருந்துவிட்டு, ஒரே நாளில் இரண்டு மடங்கு கேட்பதுதான் தவறு. 1,000 ரூபாய் சந்தாவில் ஆண்டுக்கு 60 ரூபாய் ஏறினால் யாருக்கும் வலிக்காது.

ஆயுள் சந்தாவிலும் ஜாக்கிரதை வேண்டும். ஒருவர் 15 ஆயிரம் ரூபாய் கட்டி ஆயுள் உறுப்பினர் ஆகிறார். அதை 7 சதவீத வட்டிக்குப் பாங்கியில் போட்டால், ஆண்டுக்கு 1,050 ரூபாய் வரும். அவருக்கு ஆகும் செலவு அதில் நடக்கும். அந்த முதலை எடுத்துக் கட்டிடம் கட்டிவிட்டால்? அடுத்த ஆண்டு முதல் அவரிடம் இருந்து வரவு இல்லை. செலவு மட்டும் உண்டு. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதைதான்!

வக்கீல்கள் வழக்கு

பணம் வாசலை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். அது ஆண்டுச் சந்தா பற்றியது அல்ல. முதன்முதலில் சேரும்போது கட்டும் கட்டணம் பற்றியது.

வக்கீலாகப் பதிவு செய்யச் சட்டம் சொன்ன கட்டணம் 750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் பல மாநிலங்களில் பல பெயர்கள் சொல்லி 15 ஆயிரம், அதற்கும் மேல் என்று வாங்கினார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதிகக் கட்டணம் ஏழைகளைத் தொழிலுக்குள் வரவிடாமல் தடுக்கும் என்பது கோர்ட்டின் கருத்து.

வக்கீலுக்கு உள்ள நியாயம் என்ஜினீயருக்கு இல்லையா? என்ஜினீயருக்காகக் கோர்ட்டு வராமல் இருக்கலாம். சங்கத்தின் மனச்சாட்சி வர வேண்டும்.

ஊர் காட்டும் வழி

இதற்கெல்லாம் சீமைக்குப் போய் வழி கேட்க வேண்டியது இல்லை. நம் கிராமத்துக்குப் போனால் போதும்.

அம்மன் கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். வரி எவ்வளவு என்பதை ஊர் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். பல ஊர்களில் கணவனை இழந்த பெண்களிடம் அரை வரிதான் வாங்குவார்கள். வசதி உள்ளவர் வரியோடு நிறுத்த மாட்டார், மண்டகப்படியும் ஏற்பார். திருவிழா முடிந்ததும் கோவில் வாசலில் உட்கார்ந்து கணக்கை வாசிப்பார்கள். "பந்தலுக்கு இவ்வளவா?" என்று யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.

என்ஜினீயர் சங்கமும் இதைச் செய்தால் போதும். சந்தாவை நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து நிர்ணயிக்காமல், பொதுக்கூட்டத்தில் நிர்ணயிக்க வேண்டும். கட்ட முடியாதவனுக்கு அரை வரி. முடிந்தவருக்குக் கூடுதல். 100 ரூபாயில் எத்தனை ரூபாய் எதற்குப் போயிற்று என்று ஒரே தாளில், எல்லோருக்கும் புரியும்படி கணக்கு.

தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தா கட்டினால் மட்டும் போதாது. கூட்டத்துக்குப் போங்கள். கணக்கைக் கேளுங்கள். கேட்காதவனுக்குக் கணக்கு வராது.

அந்தக் கணக்குத் தாளைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டுங்கள். "இதுவும் ஒரு தலைக்கட்டு வரிதான் அம்மா" என்று சொல்லுங்கள். அவளுக்கு உடனே விளங்கிவிடும். கணக்கு சரியாக இருந்தால், சாமி படத்தின் முன்னால் வைத்த பணத்தில் இருந்து அவளே எடுத்துக் கொடுப்பாள்.