கேள்விக்குறியாகிப் போன ஊர்கள்

திருத்தணிப் பக்கம் ஒரு சிறு நூலகம். அங்கே உறுப்பினர் பதிவேட்டைக் கணிப்பொறியில் வைத்திருந்தார்கள். பழைய தரவுத்தள மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றினார்கள். மறுநாள் திறந்து பார்த்தால், ஒருவருடைய ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது கேள்விக்குறிகள்! அடுத்தவருக்கும் அதே ஒன்பது. "இருவரும் திருத்தணிக்காரர்கள்தாம் சார், நானே அடித்துவிடுகிறேன்" என்றார் வேலை செய்ய வந்த இளைஞர். நல்லவேளை, நூலகர் தடுத்தார். இரண்டாமவர் திருப்பதிக்காரர்.

இது எப்படி நேர்ந்தது? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை ஒரு பட்டியல் சொல்கிறது. யூனிகோடு என்னும் ஒருங்குறிப் பட்டியலில் 'த' என்பது 2980. அதை யூ.டி.எஃப்-8 முறையில் 224, 174, 164 என்று மூன்று பைட்டுகளாக எழுதி வைக்கிறார்கள். 'திருத்தணி' நமக்கு ஐந்து எழுத்து. கணிப்பொறிக்கோ த, இகரக் குறி, ர, உகரக் குறி, த, புள்ளி, த, ண, இகரக் குறி என்று ஒன்பது குறிகள். ஆக 27 பைட்டுகள். 'திருப்பதி'யை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒன்பதுதான். தமிழே இல்லாத பட்டியல் ஒன்றுக்கு இவற்றை மாற்றச் சொன்னால், பல மென்பொருள்கள் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போய்விடும். அதன் எண் 63. ஒன்பது 63-களிலிருந்து தணிகையையும் திருப்பதியையும் யாரால் பிரித்தெடுக்க முடியும்?

இன்னொரு கோளாறும் உண்டு. பார்க்க அதைவிடப் பயங்கரமாக இருக்கும்; ஆனால் அபாயம் குறைவு. 224, 174, 164 என்ற பைட்டுகளை மேற்கு ஐரோப்பியப் பட்டியலை வைத்துப் படித்தால், தலையில் கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு சின்னம் என்று திரை முழுவதும் உளறலாகத் தெரியும். பதறாதீர்கள். பைட்டுகள் அப்படியே இருந்தால், சரியான பட்டியலைச் சொன்னதும் தமிழ் திரும்பி வந்துவிடும். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ்-1252 என்ற பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. 'ஏ'க்கு 143, 'ஐ'க்கு 144! காலியிடத்தைக் கண்டதும் சில மென்பொருள்கள் அந்த பைட்டை உதறிவிடும். உளறலை அவசரப்பட்டு மாற்றினால், புள்ளியும் உகரமும் போன தமிழ்தான் மிஞ்சும்.

எல்லையூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாக வந்த இஸ்கி முறையில் தமிழ்த் தகரத்துக்கும் தெலுங்குத் தகரத்துக்கும் ஒரே எண். எந்த மொழி என்று சொல்லத் தனியாக ஓர் அடையாளம் உண்டு. அது தொலைந்தால் மொழியே மாறிவிடும். ஒருங்குறியில் இரண்டுக்கும் தனித்தனி வீடு கொடுத்தார்கள். தமிழின் பகுதி 3071-இல் முடிய, 3072-இல் தெலுங்கு தொடங்குகிறது. அங்கேயும் பக்கத்து வீடுதான்! தமிழ்த் தகரத்தோடு 128 கூட்டினால் தெலுங்குத் தகரம்.

நம் பழைய கோப்புகளின் கதை இதைவிடச் சிக்கல். பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் 109-இல் 'அ'வை வரைந்து வைத்தார்கள். 1999-இல் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் ஏற்றது. ஒரே பதிவேட்டில் இவற்றில் இரண்டு மூன்று கலந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"புதிய பதிப்பு எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்ளும்" என்று விற்பவர்கள் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பைட் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று அந்த பைட்டிலேயே எழுதியிருப்பதில்லை. எழுதியவர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம் என்போரும் உண்டு. பழைய பிழைகளுக்குப் பதிலாகப் புதிய பிழைகள் வரும், அவ்வளவே.

என் கட்சி இதுதான்: பழைய பிரதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகல் ஒன்றில்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். ஏகாம்பரம், ஐயப்பன், முத்து, ஔவை போன்ற வம்பு பிடித்த பெயர்களை முதலில் சோதிக்க வேண்டும். (ஔவையை 'ஒ', 'ள' என்று பிரித்து அடித்தவர்கள் ஏராளம், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடினால் அகப்படாது.) கட்டத்தின் அகலத்தையும் பார்க்க வேண்டும். 30 பைட்டுக்கு மேல் கொள்ளாத கட்டத்தில் 'திருத்தணி முருகன்' என்று எழுதினால், 27 பைட்டும் ஓர் இடைவெளியும் போக, 'மு'வின் மகரத்துக்கே இடம் போதாது. அது பாதியில் வெட்டுப்படும். பிறகு, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்கும்வரை பழையதை அழிக்கவே கூடாது. நாள்கணக்கில் ஆகுமே என்பார்கள். ஆகட்டும். ரேஷன் அட்டையிலும் ஓய்வூதியப் பட்டியலிலும் இருப்பவை வெறும் குறிகள் அல்ல, ஆட்களின் பெயர்கள்.

அந்த நூலகத்தில் பழைய பிரதியை அழித்திருந்தார்கள். நூல் வழங்கிய காகிதப் பேரேடு மட்டும் பரணில் இருந்தது. பிளஸ் டூ மாணவிகள் இருவர் அதைத் தூசு தட்டி, ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க, நான்கு மாலைகளில் முடித்தார்கள். பேரேட்டில் கரையான் அரித்த பக்கத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் ஒன்பதும் பத்துமாகக் கேள்விக்குறிகள்தாம்.