சிப்பிப்பாறைக்கு ரசீது இல்லை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். இன்றைய பேச்சில் 5 சதவீத பிரீமியம். பொழுது சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரி திருட்டுத்தனமாக இறங்குகிறவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாலிசியின் பொடி எழுத்து அன்றைக்கே இருந்திருக்கிறது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இப்போது இதே ஊரில் நாய்க்குக் காப்பீடு எடுக்கலாம். கடல்கட்டி முத்தைப் பார்த்துப் பங்கு வாங்கினார். காப்பீட்டு நிறுவனம் நாயின் இனத்தைப் பார்த்துப் பிரீமியம் போடுகிறது.

இனத்தைப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பஜாஜ் அலையன்ஸ் 2020இல் கொண்டுவந்த நாய்க் காப்பீட்டில் சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று உடலளவை வைத்துப் பிரித்தார்கள். மற்ற நாய்களை ஏழு வயதுவரை சேர்க்கலாம்; கிரேட் டேன் போன்ற மிகப் பெரியவற்றுக்கு நான்கு வயதோடு கதவு மூடிவிடும். நியாயம்தான். கிரேட் டேன் எட்டு, பத்து வயதிலேயே ஓய்ந்துவிடுகிற நாய். உடம்பு பெருத்தால் மருந்தின் அளவும் கூடும், மயக்க ஊசியின் செலவும் கூடும்.

சிக்கல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு பிசகும். பக் நாய்க்கு மூக்கு சப்பை. தூத்துக்குடி வெக்கையில் நாலு எட்டு நடந்தால் இழுத்து இழுத்து மூச்சுவிடும். இனத்தால் செலவு என்றால் இவைதான் செலவு. ஆனால் பிறவிக் கோளாறுக்கும் ஏற்கெனவே இருந்த நோய்க்கும் பணம் கிடையாது என்று பல பாலிசிகள் சொல்லிவிடுகின்றன. இனத்தைச் சொல்லிக் கூடுதலாக வாங்குவது, இனத்தோடு வந்த நோய் என்று சொல்லிக் கையை விரிப்பது: இரண்டையும் ஒரே தாளில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கரையில் நாயை உண்மையில் படுக்க வைப்பது உண்ணிக் காய்ச்சல். ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்த ஊரில் உண்ணிக்கு வருடம் முழுக்கக் கொண்டாட்டம். அது பக்கையும் கடிக்கும், திரேஸ்புரத்துத் தெருநாயையும் கடிக்கும். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று பார்க்குமே தவிர, வம்சச் சான்றிதழைப் பார்க்காது. ஒரு வீட்டு நாய்க்கு அடுத்த வருடம் எவ்வளவு செலவாகும் என்று சொல்ல, அதன் இனத்தைவிட அதன் தடுப்பூசி அட்டை உதவும்.

இதில் அதிகம் நஷ்டப்படுவது நம் நாட்டு நாய். கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கரிசலில் ஓடுகிற சிப்பிப்பாறையும் கன்னியும் வெயிலுக்குப் பழகியவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், முயலை விரட்டும் ஓட்டம். ராஜபாளையத்துக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வெள்ளைத் தோலோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருகிறது. சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகமே தனி இனங்களாகப் பதிவு செய்துவிட்டது. ஆனாலும் பழைய பாணி பாலிசிகள் நாயைச் சொத்தாகப் பாவித்து, அதன் சந்தை விலையைக் காப்புத்தொகையாகக் கேட்பவை. கிராமத்தில் நல்ல குட்டியை விலைக்கு விற்பதைவிட வேண்டியவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். மாமன் தோட்டத்திலிருந்து தூக்கிவந்த குட்டிக்கு எந்தக் கடை ரசீதைக் காட்டுவது? விளாத்திகுளம் பக்கம் காப்பீடு செய்த ஆட்டின் காதில் எண் போட்ட வில்லை தொங்குகிறது. அந்தக் கிடைக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிற நாய்க்கு எண்ணும் இல்லை, விலையும் இல்லை.

கடித்தால் கட்ட வேண்டிய நஷ்டஈடு தனிக் கதை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ராட்வைலர் கடித்தால் காயம் ஆழம் என்பதில் சந்தேகமில்லை. அதற்குக் கூடுதல் பிரீமியம் வாங்கட்டும். அதோடு சங்கிலி உண்டா, சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம் என்றும் கேட்கட்டும்.

துறைமுக ஊருக்கு இது புதிதல்ல. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணியைக் காப்பீடு செய்யப் போனால், தோணி என்ற பெயரை மட்டும் வைத்து யாரும் தொகை சொல்வதில்லை. மரம் எப்படி, வயது என்ன, எஞ்சின் என்ன நிலை என்று பார்ப்பார்கள். சுவீடனில் அக்ரியா என்ற நிறுவனம் எந்த இனத்துக்கு எந்த நோய் என்று பல பத்தாண்டுகளாகக் கணக்கு வைத்து, ஆய்வாளர்களுக்கும் கொடுத்துவருகிறது. 2012இல் தொடங்கிய திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே சிகிச்சைக்கு வரும் நாய்களின் பதிவேட்டைக் காப்பீட்டுக்காரர்கள் உட்கார்ந்து படித்தால், நாட்டு நாய்க்கென்று ஒரு தனிக் கட்டணம் போட முடியும். விண்ணப்பத்தில் இனம் என்ற கட்டத்துக்கு முன்னால் தடுப்பூசித் தேதிக்கு ஒரு கட்டம் வரட்டும்; விலை என்ற கட்டத்தில், ரசீது இல்லாவிட்டால் அரசு கால்நடை மருத்துவரின் மதிப்பீடு போதும் என்று ஒரு வரி சேரட்டும்.