எலும்பினுள் இருக்கும் நீர்

மரக்காணத்து உப்பளங்களில், தை பிறந்ததிலிருந்து ஐப்பசி மழை மிரட்டும்வரை, பாத்தியிற் கட்டிய நீரை மெல்ல மெல்ல ஆவியாக்கி உப்பைத் தரையில் விட்டுச் செல்வதே சூரிய பகவானுக்கு வேலை. அவ்வுப்பை வெறுங்காலோடு நின்று வாரி, கூடையில் நிரப்பி, தலைச்சுமையாய் வரப்போரம் கொண்டுவந்து கொட்டும் பெண்களிற் பலர், வயது நாற்பதைத் தாண்டுமுன்னரே முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் தரையிலிருந்து எழுகிறார்கள்.

அந்த முழங்காலெலும்பும் ஒரு விதத்தில் உப்பளம்தான். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் கூடிய தாதுவினிடையே நீரும் அதில் உறைந்திருக்கிறது. எர்பியம் கலந்த ஸ்படிகத்திற் பிறக்கும் 2.94 மைக்ரான் அலைநீள லேசர் கிரணத்தை நீர் அபாரமாக உறிஞ்சுவதால், அது பட்ட க்ஷணத்தில் எலும்பினுள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்து, சுற்றியுள்ள தாதுவையும் துகளாக்கி எறிந்துவிடுகிறது. சூரியன் நீரைக் கொண்டுபோய் உப்பை விட்டுவைக்கிறான். இக்கிரணமோ நீரைக்கொண்டே உப்பையும் வெளியேற்றுகிறது. நம் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய கரியமிலவாயு லேசர், தசையை அறுப்பதிற் புகழ் பெற்றதாயினும், எலும்பைக் கருக்கியது. சத்திரசிகிச்சையில் எலும்பை அறுக்கும் ரம்பமும் அப்பழிக்கு விலக்கன்று. உராய்வின் உஷ்ணம் 47 பாகையில் ஒரு நிமிஷம் நின்றாலே எலும்பின் உயிரணுக்கள் சேதமுறுகின்றன.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், இயந்திரக் கரமொன்று ஏந்திய எர்பியம் லேசரால் 2019இல் மனிதரின் முகவெலும்பை அறுத்துக் காட்டினார்கள். கணினியில் வரைந்த கோட்டின்படியே, ரம்பத்தால் இயலாத வளைவுகளையும் அது வெட்டும் என்பது மெய். ஆயினும் வேகத்தில் ரம்பத்துக்கு ஈடன்று, எலும்பைத் திறந்து காட்டினாலொழிய அதற்கு வேலையுமில்லை. இத்தகைய பெரிய யந்திரத்தைக் கோடிகள் கொடுத்துத் தருவித்து, வாசலில் ‘லேசர்’ என்று பலகை மாட்டிவிட்டால் (மூலவியாதிக்குக்கூட இன்று அப்பலகை இல்லாத கடைத்தெரு ஏது?) நமது கடமை தீர்ந்ததென்று ஆஸ்பத்திரிகள் எண்ணக்கூடாதென்பது என் அபிப்பிராயம்.

பாசல் பல்கலைக்கழகத்தார் மற்றொரு முயற்சியும் செய்துவருகிறார்கள். அதே கிரணத்தை மெல்லிய இழைவழியே, உள்நோக்குக் குழாயின் நுனிக்குக் கொண்டுசென்று, சிறு துளையின் மூலமாகவே மூட்டினுள் எலும்பை வெட்டவேண்டுமென்பது அது. நாம் கவனிக்கவேண்டியது இதனையே. தினக்கூலி பெறும் பெண்ணுக்கு வெட்டின் சூட்சுமத்தைவிடக் காயத்தின் சிறுமையே பெரிது. அவள் படுக்கையிற் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாளல்லவா?

இடர்ப்பாடு இழையில்தான் இருக்கிறது. தொலைபேசிக்குப் பயன்படும் சாதாரணக் கண்ணாடி இழை இக்கிரணத்தைத் தானே விழுங்கிவிடும். ஆகவே ஜெர்மேனியம் ஆக்ஸைடு, நீலமணி, ப்ளூரைடு கண்ணாடி முதலிய விசேஷ இழைகளைத் தேடவேண்டியிருக்கிறது. அவையோ விலையேறியவை, சில எளிதில் முறியக்கூடியவை. லேசர் செய்யும் கலையை நன்கறிந்த இந்தூர் ராஜா ராமண்ணா மையமும், விசேஷ இழைகளை இழுத்துப் பழகிய கல்கத்தாக் கண்ணாடி ஆராய்ச்சி நிலையமும் நம் தேசத்தில், ஜனங்களின் பணத்தில், நடைபெறுகின்றன. மரக்காணத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் புதுச்சேரி ஜிப்மர் வந்துவிடும். மூட்டுநோயாளிகளுக்கும் அவர்களை அறிந்த நிபுணர்களுக்கும் அங்கே குறைவில்லை. இம்மூன்று நிலையத்தாரையும் ஒரே மேஜையில் அமர்த்தி, அந்த இழைக்கென்று சில வருஷங்களுக்குப் பணம் ஒதுக்குவது, யந்திரக் கரம் ஒன்றை விலைக்கு வாங்குவதைக் காட்டிலும் சர்க்காருக்குக் கடினமான காரியமன்று.