'பாட்டி இருக்கிறார்' என்பது பதிலாகாது

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு நம் பெண்கள் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அறுபதைக் கடந்த ஒரு தாயார் மட்டும் வாசலில் நின்றார்கள். இடுப்பில் ஒரு குழந்தை; முந்தானையைப் பிடித்தபடி இன்னொரு குழந்தை. இரண்டும் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள். மகள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புகிறாள். மருமகன் வளைகுடாவில் இருக்கிறார். அந்தத் தாயார் கேட்ட சந்தேகம் ஒன்றுதான்: "லுஹரை அதன் நேரத்துல தொழ முடியல ஆலிமா, என்ன செய்யட்டும்?"

நாம் யோசிக்காமல் விடை சொன்னோம். நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். ஸஜ்தாவில் இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி. ஆகவே நீங்களும் அப்படியே தொழலாம் என்றோம். அந்தத் தாயார் தலையை அசைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத் தொழுதுடுவேன். இன்னொண்ணு அதுக்குள்ள அடுப்படிக்குப் போயிடுதே."

நம்மிடம் அதற்கு விடை இல்லை. தொழுகையைப் பற்றிய கேள்வி என்று நாம் எடுத்துக்கொண்டது, உண்மையில் ஒரு வீடு தன் மூத்த பெண்மணிமீது ஏற்றிவைத்த பாரத்தைப் பற்றிய கேள்வி. அந்தக் கேள்விக்குரிய விடையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். அது பலருக்குக் கசக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

"பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டால் நம் வீடுகளில் வரும் பதில் ஒன்றே: "அதான் உம்மா இருக்காங்கல்ல." பாட்டியை உம்மம்மா என்றும் நன்னி என்றும் ஊருக்கு ஊர் வேறு பெயரில் அழைத்தாலும், இந்தப் பதில் மட்டும் மாறுவதில்லை. இதற்குள் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. உறவு இருந்தாலே பிள்ளை வளர்க்கும் தகுதி வந்துவிடும் என்று எண்ணுவது முதல் தவறு. உறவு இருந்தாலே அந்த வேலையைச் செய்யக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவார் என்று எண்ணுவது இரண்டாவது தவறு. முதல் தவறு குழந்தைக்கு அநீதி. இரண்டாவது பாட்டிக்கு அநீதி. இரண்டையுமே நம் மார்க்கம் ஏற்கவில்லை.

ஃபிக்ஹு கேட்கும் தகுதி

ஷாபிஈ மத்ஹபின் தொடக்கப் பாடநூலாகிய அபூஷுஜாஉ நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படுகிறது. அதில் ஹளானத், அதாவது குழந்தைப் பராமரிப்புப் பற்றிய பகுதி சில வரிகளே. பிள்ளையைப் பராமரிப்பவருக்கு ஏழு நிபந்தனைகளை அது வரிசைப்படுத்துகிறது: அறிவுத் தெளிவு, சுதந்திரம், மார்க்கம், ஒழுக்கம், நம்பகத்தன்மை, ஊரில் நிலையாகத் தங்கியிருத்தல், கணவன் இல்லாதிருத்தல். குழந்தைக்கு உறவல்லாத ஒருவரை மணந்துகொள்வதையே இறுதி நிபந்தனை கருதுகிறது. பின்வந்த சட்ட அறிஞர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: தீராத நோயின் வேதனை பிள்ளையைக் கவனிக்க விடாமல் தடுக்குமானால் அத்தகையவரிடம் பொறுப்பு நில்லாது.

இந்த நிபந்தனைகள் முதலில் யாருக்கு? பெற்ற தாய்க்கே. பத்து மாதம் சுமந்தவரிடமே தகுதி கேட்கும் சட்டம், பாட்டியிடமும் சாச்சியிடமும் மாமியிடமும் கேட்காமல் விட்டுவிடுமா?

"இவை மணவிலக்குக்குப் பின் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்கான நிபந்தனைகள். பகலில் பத்து மணி நேரம் பாட்டியிடம் விட்டுச் செல்வதற்கு இவை எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். வழக்குக்கான சட்டம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிபந்தனைகள் காக்க வந்தது வழக்கையன்று, குழந்தையை. நோயின் வேதனையால் கண்ணசந்து போகும் ஒருவரிடம் பிள்ளை இருந்தால் நேரும் ஆபத்து, பெற்றோர் பிரிந்திருந்தாலும் ஒன்றாக வாழ்ந்தாலும் ஒன்றுதான். கொதிக்கும் பாத்திரம் மணவிலக்கு நடந்த வீடா என்று விசாரிப்பதில்லை.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, உம்ராவை முடித்து நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் பின்னால் ஓடிவந்தாள். அவளை வளர்க்கும் உரிமையை அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் கோரினார்கள். மூவருமே நெருக்கமானவர்கள், மூவரிடமும் நியாயம் இருந்தது. ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் உறவு ஒன்றையே பார்த்து விட்டுவிடவில்லை. அந்தப் பிள்ளையை அன்றாடம் கையில் வைத்து வளர்க்கப்போவது யார் என்று பார்த்தார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவி அவளுடைய தாயின் சகோதரி. தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி அந்த வீட்டுக்குத் தீர்ப்பளித்தார்கள். ஒரு பிள்ளை எந்த வீட்டில் வளர்வது என்பது அங்கே பேசி, காரணம் சொல்லி முடிவு செய்யப்பட்டது. நம் வீடுகளிலோ யாரும் பேசுவதே இல்லை. மகப்பேறு விடுப்பு முடியும் நாளில் பிள்ளை பாட்டியின் கையில் இருக்கிறது.

அறிவும் அமானிதமும்

'நான் ஐந்து பெற்று வளர்த்தவள்' என்று நம் மூத்தோர் சொல்வதில் அனுபவத்தின் கண்ணியம் உண்டு. அதை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் அறிவுத் தெளிவு என்ற முதல் நிபந்தனைக்கு இக்காலத்தில் சில விவரங்களும் தேவைப்படுகின்றன. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது; அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் பச்சிளம் குடலில் பெருகி உடலைத் தளரச்செய்யும் நச்சை உண்டாக்கும். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. அதை எந்த வயதில் தருவது என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. பெரியவர்களின் இருமல் மருந்தைக் கால் மூடி அளந்து கொடுப்பதும், வசம்பை உரைத்து நாவில் தடவுவதும் அன்பினால் செய்யப்படும் ஆபத்துகள். வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்தாமல் உப்பு சர்க்கரைக் கரைசல் தர வேண்டும். மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையை 14 நாள் முடிக்க வேண்டும். குளியலறையில் நீர் நிறைந்த வாளி தவழும் பிள்ளைக்குக் கிணற்றுக்குச் சமம். அழுகையை நிறுத்தக் கையில் கொடுக்கும் கைபேசியைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன்பின் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

இவற்றை அறியாத பாட்டிமீது குற்றமில்லை. அறிந்த மகளும் மருமகளும் உட்கார்ந்து மரியாதையோடு சொல்லித் தராமல், மாலையில் வந்து "ஏன் கொடுத்தீங்க?" என்று சீறுவதுதான் குற்றம்.

அடுத்தது நம்பகத்தன்மை. இதை எழுத நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுதாமலிருப்பது பாவம். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும். பிள்ளைகள்மீது நடக்கும் பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். உறவினர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரிடம் பிள்ளையைத் தனியே விடுவதும், பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு குடும்ப மானம் என்று அடக்கிவிடுவதும் நம்மிடையே நடக்கவில்லை என்று எவரேனும் சத்தியம் செய்ய முடியுமா? பிறர் குறையை மறைப்பது நற்செயல் என்ற போதனை, அநீதி இழைத்தவனுக்குத் திரை போடுவதற்கு வந்ததன்று. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஒவ்வொரு பாட்டியின் கைபேசியிலும் இது பதிந்திருக்கட்டும்.

கூலியும் இசைவும்

இனி இரண்டாவது தவறு. பால்குடியை நிறுத்துவதற்குக்கூடத் தாயும் தந்தையும் ஒருவரையொருவர் கலந்து பேசி, மனமொப்பி முடிவு செய்ய வேண்டும் என்கிறது பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம். எந்த உயிரும் அதன் சக்திக்கு மேல் சுமத்தப்படாது என்பதும், பிள்ளையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்பதும் அதே வசனத்தில் உள்ளன. தலாக் அத்தியாயத்தின் ஆறாம் வசனமோ, மணவிலக்குப் பெற்ற தாய் தன் சொந்தப் பிள்ளைக்குப் பாலூட்டினாலும் அவளுக்குரிய கூலியைக் கொடுக்கும்படி தந்தைக்குக் கட்டளையிடுகிறது. பராமரிப்புச் செலவு பிள்ளைக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்து, இல்லையேல் பிள்ளையின் நஃபகா யார்மீது கடமையோ அவர்மீது என்கிறார்கள் ஷாபிஈ அறிஞர்கள். பிள்ளையை ஏற்க வேறொருவர் இருக்கையில், மறுக்கும் தாயைக்கூடக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதே அம்மத்ஹபின் பொதுவான நிலை.

"பெற்ற தாய்க்குப் பணம் கொடுப்பதா? பாசத்துக்கு விலையா? இது மேல்நாட்டுப் பழக்கம்" என்று கொதிப்பவர்களிடம் கேட்கிறோம்: மேலே சொன்ன வசனம் எந்த நாட்டிலிருந்து வந்தது? காப்பகத்துக்கு மாதாமாதம் கட்டணம் கட்டத் தயங்காத நாம், பாட்டி என்றதும் பாசத்தை நினைவுகூர்வது ஏன்? சிங்கப்பூரில் 12 வயது வரையுள்ள பிள்ளையைப் பாட்டன் பாட்டியர் பார்த்துக்கொண்டால், வேலைக்குச் செல்லும் தாய் 3,000 வெள்ளி வரிச் சலுகை கோரலாம். பிரிட்டனில் பேரப்பிள்ளையைப் பார்க்கும் பாட்டி, ஓய்வூதிய வயதை எட்டாதவராயின், அந்தக் காலத்தைத் தம் அரசு ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கக் கோரலாம். அங்கெல்லாம் வாழும் நம் பிள்ளைகள் இவற்றை அறிவார்கள். ஊரில் இருக்கும் உம்மாவின் பத்து மணி நேரத்துக்கு மட்டும் கணக்கில்லை.

வேலைக்குச் செல்லும் பெண்கள்மீது பழி போட நாம் இதை எழுதவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பின்னும் பெண் தாய்வீட்டில் வாழும் வழக்கம் இருப்பதால், பிள்ளை வளர்ப்பில் பாட்டியின் கை எப்போதும் இருந்திருக்கிறது. அன்று அது பல கைகளில் ஒன்று. இன்று பல வீடுகளில் அது ஒன்றே கை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. சிறு கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் காப்பகம் ஏது? சட்டம் எட்டாத இடத்தில் பாட்டியை நிறுத்தியிருக்கிறோம். பிள்ளையின் தந்தை வளைகுடாவில் இருந்தாலும் உள்ளூரில் இருந்தாலும், செலவுக்கும் ஏற்பாட்டுக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

நம்மையும் விலக்கிக்கொள்ளவில்லை. இதே ஹளானத் பாடத்தை நாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நம் இரு பிள்ளைகளையும் நம் தாயார்தாம் பார்த்துக்கொண்டார்கள். மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி இறங்கினார்கள். "முடியுமா உம்மா?" என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை, 'முடியாது' என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டலாகாது என்ற வசனத்தை மாணவியருக்கு மனப்பாடம் செய்வித்துவிட்டு வீடு திரும்பினோம். இன்று கேட்பதற்கு அவர்கள் இல்லை.

ஆகவே சகோதர சகோதரிகளே, பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகளில் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். விருப்பமா என்று கேளுங்கள். மறுத்தால் முகம் வாடாதீர்கள். எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று வகுத்துக்கொள்ளுங்கள். சமையலையும் துணி துவைப்பதையும் பிள்ளையோடு சேர்த்து அவர்மீது கட்டாதீர்கள். அவர் கையில் ஒரு தொகையை மாதந்தோறும் கண்ணியமாகக் கொடுங்கள். அதை அவர் பேரப்பிள்ளைக்கே செலவழித்தாலும் அது அவர் உரிமை. தடுப்பூசி அட்டை எங்கே, மருத்துவர் எண் எது, 108-ஐ எப்போது அழைப்பது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், பெண்கள் மத்ரஸாவில் ஓர் அறையையும் இரண்டு பணியாளர்களையும் பகல் நேரக் காப்பகத்துக்கு ஒதுக்க முடியுமா என்று கூடிப் பேசுங்கள்.

அந்தத் தாயாரின் மகளிடம் பிறகு பேசினோம். இப்போது அடுத்த தெருவில் இருக்கும் அவர்களுடைய சாச்சியின் மகள் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஊதியத்துக்கு வருகிறாள். லுஹர் அதன் நேரத்தில் நடக்கிறது.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளைச் சுமந்த முதிய கைகளுக்கு நீயே கூலி வழங்குவாயாக. நாங்கள் கொடுக்க மறந்ததற்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.