பார்க்க மட்டும்தானா நம் பிள்ளைகள்?

ஸ்கூடாயில் ரினித் தோட்டம் இன்று இல்லை. முத்தியாரா ரினி என்ற வீடமைப்புப் பகுதியாகி விட்டது. 'தோட்டம்' என்ற சொல்லை இன்னும் சுமந்து நிற்பது அங்குள்ள ரினித் தோட்டத் தமிழ்ப்பள்ளிதான். மரம் போயிற்று, லயம் போயிற்று, பிரட்டுக்களமும் போயிற்று. பால் வெட்டியவனின் பேரப்பிள்ளை மட்டும் போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பிழைப்பைக் காட்டப் போகிறோம் என்றே நாம் கேட்கிறோம்.

வேலைவாய்ப்பு வழிகாட்டி என்று கூட்டம் போடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? மருத்துவர், வழக்கறிஞர், என்ஜினியர் என்கிறார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கோ காவல் வேலை, லோரி வேலை, இல்லையென்றால் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலை! இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெருந்தொழில் கிடக்கிறதே, அதை ஏன் வாய் திறந்து சொல்வதில்லை?

ஸ்கூடாயிலிருந்து பஸ் பிடித்தால் அதிக நேரம் ஆகாது, இஸ்கண்டார் புத்திரியில் ஒரு படப்பிடிப்புக் கூடம் நிற்கிறது. முதலில் பைன்வூட் என்ற ஆங்கில நிறுவனத்தின் பெயரில் நடந்தது. 2019 முதல் இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸ். படப்பிடிப்பு மேடைகள் மட்டும் 1,00,000 சதுர அடி. 2014-இல் வெளிவந்த மார்கோ போலோ தொடருக்காகக் குப்ளாய் கானின் சீன அரண்மனையை இங்கேதான் எழுப்பினார்கள். அரண்மனையை நடிகனா கட்டினான்? தச்சன் கட்டினான், பூச்சுக்காரன் பூசினான், மின்சாரத் தொழிலாளி விளக்கு ஏற்றினான், தையற்காரி உடை தைத்தாள். திரையிலே முகம் காட்டுகிறவன் ஒருவன் என்றால், திரைக்குப் பின்னால் நூறு கைகள் வேலை செய்கின்றன. அத்தனையும் கூலி பெறும் கைகள், தோழர்களே!

இப்பொழுது கம்ப்யூட்டர் வந்து அந்தக் கைகளைப் பெருக்கியிருக்கிறது. 2007 முதல் ஓடும் உப்பின் இப்பின் பொம்மைப் படத்தைப் பார்க்காத பிள்ளை நம் வீட்டில் உண்டா? அதில் ராஜூ என்ற இந்தியப் பையனும் வருகிறான். நம் பிள்ளைகளுக்கு ஏகச் சந்தோஷம். ஆனால் சாதாரணமாக ஒரு விநாடிக்கு 24 படம் என்ற கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 1,440 படம் ஓடுகிறது. அதற்கு உருவம் செய்ய ஒருவர், அசைவு கொடுக்க ஒருவர், ஒலி சேர்க்க ஒருவர், வெட்டி ஒட்ட ஒருவர் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவர் யார்? பார்த்துச் சிரிக்க மட்டும் பழக்கியிருக்கிறோம்.

குற்றம் வெளியே மட்டும் இல்லை. 'கூத்தாடிப் பிழைப்பு நமக்கு எதற்கு?' என்று பிள்ளை வரைந்த படத்தைக் கிழித்துப் போடுகிற அப்பன் நம் வரிசை வீடுகளில் இல்லையா? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படம் 2015-இல் இதைத்தான் காட்டியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், அப்போய் என்று ஒரு சிறுவன், கற்பனை நிறைந்தவன். படி, படி என்று அப்பன் அடிக்கிறான். பையன் சாய்வது குண்டர் பக்கம். (தோட்டத்து வாயில் புழங்கும் 'ஜகாட்' என்ற சொல்லே மலாய் 'ஜஹாட்'டின் திரிபு. கெட்ட பையன் என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகு கெட்டுப் போனான் என்று அழுகிறோம்!)

அந்தப் படத்தையும் 2016-இல், 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் இல்லை என்று தனிப்பந்தியில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். கலைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். விதி மாறிற்று, சிறந்த மலேசியப் படம் என்ற பரிசு 'ஜகாட்'டுக்கே வந்தது. நம்மால் முடியாது என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பளபளப்புத் தாளில் விளம்பரம் அடித்து, 'மல்டிமீடியா' என்று ஆசை காட்டி, கிராணியின் சேமநிதியையும் பால் வெட்டுகிறவளின் தாலிக்கொடியையும் கறக்கிற தனியார் கல்லூரிகள் உண்டு. அவர்களிடம் ஓடுமுன் நம் காசில் நடக்கும் இடங்களைக் கேளுங்கள். பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக் வடிவமைப்புக் கல்வி தருகிறது. ஸ்கூடாயிலேயே உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் வரைகலைக்கும் மல்டிமீடியாவுக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. பலமுறை அந்த வாசலைக் கடந்து போகிறோமே!

இந்தத் தொழில் சொர்க்கம் என்று நாம் பொய் சொல்லவில்லை. படம் முடிந்தால் வேலை முடிந்தது. இரவு பகல் கிடையாது. கூலி பாக்கி என்ற பேச்சும் புதிதல்ல. ஒட்டுப்பால் எடையில் ஏமாந்த நமக்கு இது தெரியாதா? 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் படத்துறையினரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே பிள்ளைக்குக் கேமராவைக் காட்டும் அன்றே ஒப்பந்தத் தாளை வாசிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்கிறோம். கோவில் திருவிழாவுக்குப் பஸ் பிடிக்கத் தெரிந்த நமக்கு, ஐந்தாம் படிவப் பிள்ளைகளை அந்தப் படக்கூடத்துக்கு அழைத்துப் போக ஒரு பஸ் கிடைக்காதா? கிளைச் செயலாளர்கள் கடிதம் எழுதட்டும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன், எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதி என்று நமக்குத் தெரிவிக்கட்டும். இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம்.