செவிவழிச் செய்தியும் தமிழ்த்துறைகளின் மௌனமும்

முன்னுரை

இதழ்க் கட்டுரைகளைக் குரல்வடிவில் வழங்குதல் அண்மைக் காலத்தில் தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. ஆங்கில இதழ்களின் நெடுங்கட்டுரைகளைத் தேர்ந்த வாசிப்பாளர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்து வழங்கிவந்த ஆடம் என்னும் அமெரிக்க நிறுவனத்தை 2020 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது. 2023இல் தனக்கென ஓர் ஒலிச்செயலியையும் வெளியிட்டது. இலண்டனில் தோன்றிய கியூரியோவும் இவ்வகையினதே. படிக்க நேரமில்லாதவர் கேட்கட்டும் என்பதே இம்முயற்சிகளின் அடிப்படை. தமிழில் இதுகுறித்துப் பேசுவோருள் ஒருசாரார், 'கேட்டல் படித்தல் ஆகாது' என ஒதுக்குவர். மற்றொரு சாரார், எந்திரக்குரல் வந்தபின் சிக்கல் ஏதுமில்லை என்பர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கேட்போர் யாவர்?

பெங்களூரு நகரின் லிங்கராஜபுரம், கன்னடம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவை அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் பகுதியாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 இலட்சம். இவர்தம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பயில்கின்றனர். கன்னடமொழிக் கற்றல் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது கடமையே, அதனைக் குறைகூற இடமில்லை. ஆயின், அதன் பக்கத்தில் தமிழெழுத்துக்கு இடம் கிடைக்காமற் போயிற்று என்பதே கவலைக்குரியது. தமிழ் பேசுவர், கேட்டால் விளங்கிக்கொள்வர், ஆனால் எழுத்தறியார் என்னும் ஒரு தலைமுறை உருவாகியுள்ளது. இவர்கள் நேரமில்லாமற் கேட்பவர்கள் அல்லர். வேறு வழியில்லாமற் கேட்பவர்கள்.

அல்சூர் ஏரியருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 1991 முதல் 2009 ஆகஸ்ட் 9 வரை திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. அதனைத் திறக்கத் தமிழுலகம் உரத்துக் குரல்கொடுத்தது, அது தக்கதே. அச்சிலையின் பீடத்தைக் கடந்து செல்லும் தமிழ்ப்பிள்ளை, வள்ளுவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாமல் வளர்வது குறித்து அதே அளவிற் குரல் எழுந்ததா?

கேட்டல் தாழ்ந்ததன்று

கேட்டலை இழிவாகக் கருதுவோர் தமிழ் மரபை மறந்தவராவர். 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி முதலான நாளிதழ்களைத் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பலர் கேட்டனர். இயக்கங்களின் படிப்பகங்களிலும் இதுவே நிகழ்ந்தது. 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் வானொலிச் செய்தியைக் கேட்டவர்களுள் பள்ளி செல்லாதாரும் இருந்தனர். வீட்டில் வழங்கும் பேச்சுத்தமிழுக்கும் செய்தியின் எழுத்துத்தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர்கள் செவியாற் கடந்தனர். வீட்டுப் பேச்சோடு தமிழ் நின்றுவிட்ட லிங்கராஜபுரத்து இளைஞர்க்கு இன்று வேண்டுவதும் இப்பயிற்சியே.

'கேட்கக் கிடைத்தால் எழுத்தைக் கற்கமாட்டார்' என்பது மறுப்பாக எழுப்பப்படலாம். சொல்லே தெரியாதவன் எழுத்தைக் கற்றும் பயனில்லை. சொல்வளம் செவிவழி முந்துறின் எழுத்து எளிதாகும் என்பதே இதற்கு விடை.

எந்திரக்குரலின் குறை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணன் தலைமையிலான ஆய்வகம் தமிழ், கன்னட எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள்களை உருவாக்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்துறைப் பணிகள் நடைபெற்றுள்ளன. இவை போற்றத்தக்கன. எனினும் பொறியியலார் மட்டுமே தீர்க்கவியலாத சிக்கல்கள் உள.

'2,000-க்கும் மேற்பட்டோர்' எனச் செய்தித்தாள் அச்சிடுகிறது. படிப்பவர் 'இரண்டாயிரத்துக்கும்' என்கிறார். 'அத்து' என்னும் சாரியை தாளில் இல்லை, நாவில் உண்டு. இது தொல்காப்பிய உருபியலின் களமன்றோ? தீவினையைக் குறிக்கும் 'பாவம்', மெய்ப்பாட்டைக் குறிக்கும் 'பாவம்' இரண்டும் வடிவத்தால் ஒன்று, ஒலியால் வேறு. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் இடையே ஒற்றொன்றே வேறுபாடு. அவ்வொற்றை நாளிதழ் விட்டுவிட்டாற் கண் சூழலால் ஈடுசெய்துகொள்ளும். எழுத்தறிந்தவர் திரும்பவும் படித்துத் தெளிவர். செவியை மட்டும் நம்பியிருப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பிழையான குரலைத் திருத்திக்கொள்ள ஏடும் அவரிடம் இல்லை. கேட்டதே அவர் தமிழாகிவிடும்.

பிறப்பியலையும் புணரியலையும் தேர்வுக்கெனப் பயிற்றும் தமிழ்த்துறைகள், அவற்றுக்கு நாள்தோறும் தேவை எழும் இக்களத்தில் எங்கே நிற்கின்றன? நூற்பாவுக்கு உரைவேற்றுமை காட்டும் ஆய்வேடுகள் பெருகியுள்ளன. எண்ணும் சுருக்கக்குறியும் பிறமொழிப் பெயரும் செய்தியில் எவ்வாறு ஒலிக்கப்பெறவேண்டும் எனக் கூறும் பொதுநெறி ஒன்று துறைகளின் பெயரால் வழங்கவில்லை. களத்தை விட்டு நீங்கியபின், 'எந்திரம் தமிழைக் கெடுக்கிறது' என்று புலம்புவது முறையன்று.

முடிவுரை

செய்யவேண்டுவன மூன்று. தமிழ்த்துறைகள் கணினித்துறைகளோடு இணைந்து செய்திக்கான ஒலிப்புநெறியை வகுத்தல் வேண்டும். எழுத்துரையைக் குரலுக்கேற்பச் செப்பம் செய்யும் பயிற்சி முதுகலைப் பாடத்தில் இடம்பெறல் வேண்டும். குரலோடு எழுத்துரையும் வரிவரியாகத் திரையில் தோன்றுமாறு வழங்க இதழ்களும் நிறுவனங்களும் முன்வரல் வேண்டும். கேட்பவரின் கண் எழுத்தைப் பின்தொடர அதுவே வழி. இவற்றைச் செய்யாத வரையில், குரல்வடிவச் செய்தி என்பது ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்க்கு மற்றுமொரு வசதியாகவே எஞ்சும். படிக்க வாய்ப்பற்ற தமிழர் செவி, பிழையோடோ வெறுமையோடோ விடப்படும்.